மூலையில மாட்டுன பிஷப்பு: சிங்கப்பூர்ல ஆறு நாள்

திருச்சிக்குத் திரும்பி ஒரு வாரம் ஆச்சு, இன்னும் தூக்கம் சரியா வரல. தினமும் ராத்திரி அக்கா வீட்ல உக்காந்து நோட்டுல எழுதுனத அப்படியே தேதி வாரியா போடறேன். நான் மொட்டைமாடில பதினாலு வருஷமா பசங்களுக்கு செஸ் சொல்லித் தர்றவ. உலக செஸ் சாம்பியன்ஷிப் மேட்ச் பாக்கணும்னு ரெண்டு வருஷமா சீட்டு கட்டி சேத்த காசு. 2024 மேட்ச், சீனாவோட சாம்பியன் டிங் லிரெனுக்கும் நம்ம சென்னைப் பையன் குகேஷுக்கும், மொத்தம் பதினாலு கேம். டிக்கெட் கிடைச்சது கடைசி ரெண்டு கேமுக்கு, பதிமூணாவதுக்கும் பதினாலாவதுக்கும்.

டிசம்பர் 9, திங்கள்

விமானத்துல நாலு மணி நேரம் போன்ல நெட் இல்ல, அதுதான் பெரிய கஷ்டம். கீழ பன்னெண்டாவது கேம் ஓடிக்கிட்டு இருக்குன்னு தெரியும், என்ன ஆச்சுன்னு தெரியாது. சாங்கில இறங்கி வெளிய வந்தா மாமா நிக்கிறாரு, வாங்க எப்படி இருக்கீங்கன்னு கூட கேக்கல, "டிங் ஜெயிச்சிட்டாரும்மா, ஆறுக்கு ஆறு" அப்படின்னாரு (ஜெயிச்சா ஒரு பாயிண்ட், டிரா ஆனா ஆளுக்கு அரை). நேத்து பதினோராவது கேம்ல குகேஷ் ஜெயிச்சு முன்னாடி போனப்ப நான் பெட்டி கட்டிக்கிட்டு இருந்தேன், இனிமே டிரா பண்ணாலே போதும்னு நெனச்சேன், இன்னிக்கு டிங் சி4 (போர்டுல ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி எழுத்தும் எண்ணும் சேந்த பேரு, காய் பேரு சொல்லலன்னா சிப்பாய்) போட்டு இங்கிலீஷ் ஓப்பனிங்ல ஆரம்பிச்சு மூச்சு விட எடம் தராம ஜெயிச்சிருக்காரு. கார்ல போறப்ப கேம் முழுசா போன்ல ஓட்டிப் பாத்தேன். ரொம்ப அழகான கேம். நம்ம பையன் தோத்த கேம்னு தெரிஞ்சும் அழகுன்னு சொல்லாம இருக்க முடியல.

வெளிய கொட்டோ கொட்டுன்னு மழை. டிசம்பர்ல இப்படித்தான் பெய்யும்னு மாமா சொன்னாரு, நம்ம ஊருக்கு வர்ற அதே வடகிழக்குப் பருவமழைதான் இங்கயும். யீஷூன்ல அக்கா வீடு ஒன்பதாவது மாடி. பதினொன்றரை மணிக்கு தயிர் சாதம், தொட்டுக்க நெத்திலி சம்பல். அந்த சம்பல் லேசா இனிக்கிது, ஆனா நாக்குல ஒட்டிக்கிட்டு விட மாட்டேங்குது, ரெண்டு தடவ போட்டு சாப்பிட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

இன்னிக்கு மேட்ச்சுக்கு ஓய்வு நாள். மாமா வேலைக்கு, அக்கா வேலைக்கு, எனக்கும் பாப்பாவுக்கும் (அக்கா பொண்ணு, பதினோரு வயசு, ஸ்கூல் லீவு) வீடு. காலைல கீழ காப்பிக் கடைல பரோட்டா. இங்க அத ப்ராட்டாங்கறாங்க, வெறும் ப்ராட்டா ஒன்னு ஒரு வெள்ளி நாப்பது காசு, நம்ம காசுக்கு கிட்டத்தட்ட 90 ரூபா வருதுன்னு மனசுல கணக்கு போட்டதும் பாப்பா, "சித்தி, கன்வெர்ட் பண்ணாதீங்க, அப்புறம் ஒன்னுமே சாப்பிட மாட்டீங்க"ன்னு சொல்லிச்சு. டாலர்னு இங்க நம்ம ஆளுங்க யாரும் சொல்றதில்ல, வெள்ளிதான். சாப்பிட்டு முடிச்சதும் தட்ட நாமளே கொண்டு போய் அதுக்குன்னு இருக்கற அலமாரில வெக்கணும். நான் அப்படியே எந்திரிச்சேன், பக்கத்து டேபிள் சீனப் பெரியவர் ஒன்னும் சொல்லாம என் தட்டையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டாரு. ஓடிப் போய் தேங்க்யூ சொன்னேன், கைய ஆட்டினாரு, அவ்வளவுதான்.

வீட்டு பிளாக்குக்கு கீழ தரைத்தளம் முழுக்க காலியா விட்டிருக்காங்க, வாய்ட் டெக்குன்னு பேரு. கல் மேஜை, மேஜை மேலயே டைல்ஸ்ல செஸ் போர்டு. ஒரு மேஜைல ரெண்டு சீன அங்கிள் சீன சதுரங்கம் ஆடறாங்க, வட்ட வட்டமா காய், ஒவ்வொரு காயையும் டக்குனு அறையுற சத்தம். அடுத்த மேஜைல ஒரு தமிழ் அங்கிள் தனியா உக்காந்து பிஸ்கட் டின்லேருந்து மரக்காய் ஒவ்வொன்னா எடுத்து அடுக்கறாரு. பக்கத்துல சாவி கொடுக்கற பழைய செஸ் கடிகாரம், முள்ளு பன்னெண்டுக்கு வந்தா சின்ன செவப்புக் கொடி விழுமே, அது. இத நான் எங்க அப்பாகிட்ட பொன்மலை ரயில்வே காலனி வீட்ல பாத்தது. அப்படியே நின்னுட்டேன்.

"ஆடுவியா?"ன்னு கேட்டாரு.

"ஆடுவேங்க அங்கிள்."

"ஆளுக்கு அரை மணி நேரம். தொட்டா ஆடணும், சரியா?"

அவருக்கு வெள்ளை வந்துச்சு. ஈ4. நான் ஈ6. அங்கிள் கண்ணாடிய மேல தூக்கி விட்டுட்டு, "ஓ, பிரெஞ்சா?"ன்னாரு. பிரெஞ்சு டிஃபன்ஸ் எங்க அப்பா எனக்குக் கொடுத்துட்டுப் போன சொத்து. 1834-ல லண்டன் கிளப்பும் பாரிஸ் கிளப்பும் தபால்லயே ஆடுன மேட்ச்ல பாரிஸ்காரங்க இத ஆடுனதால அந்தப் பேரு வந்துச்சுன்னு அப்பா சொல்வாரு. எனக்கு ஆறு வயசு அப்போ, மூவ தபால்ல அனுப்புவாங்களான்னு நாள் பூரா அதையே கேட்டுக்கிட்டு இருந்தேனாம். இந்த ஓப்பனிங்குக்கு ஒரு குறை உண்டு, அத மறைச்சு எந்த கோச்சும் சொல்லித் தரக் கூடாது. ஈ6-லயும் டி5-லயும் நம்ம சிப்பாயே நின்னுக்கறதால, சி8-ல இருக்கற பிஷப்பு வெளிய வர வழி இல்லாம அடைஞ்சு போயிடும். அப்பா அத "வீட்டுக்குள்ள இருக்கற மந்திரி"ன்னு சொல்வாரு, அதுக்கு வேலை தேடிக் கொடுக்கறதுதான் பிரெஞ்சு ஆடறவனோட பொழப்பே.

அங்கிள் டி4, ஈ5 போட்டு நடுவுல அடைச்சாரு. சி5, சி3, குதிரை சி6, குதிரை எஃப்3, நான் ராணிய பி6-க்கு கொண்டு வந்து அவரோட டி4 சிப்பாய அமுக்கறேன், அவர் பதறாம பிஷப்ப டி3-ல வெச்சாரு. இங்க ஒரு குழி இருக்கு. சிப்பாய் சிப்பாய் வெட்டிக்கிட்ட உடனே டி4 சும்மா கிடக்கற மாதிரி தெரியும், குதிரையால வெட்டுனா அவர் குதிரையால வெட்டுவாரு, நாம ராணியால வெட்டுவோம், டக்குனு அந்த டி3 பிஷப்பு பி5-க்கு ஓடிப் போய் ராஜாவுக்கு செக் கொடுக்கும், பிஷப்பு நகந்ததும் பின்னாடி டி1-ல இருக்கற அவர் ராணி நேரா நம்ம ராணிய பாக்கும். ராணி போச்சு. இத எங்கிட்ட வர்ற ஒவ்வொரு புள்ளைக்கும் முதல் மாசத்துலயே காட்டிடுவேன். அதனால முதல்ல பிஷப்ப டி7-ல வெச்சு அந்த வழிய அடைச்சேன். அங்கிள் தலைய ஆட்டிக்கிட்டாரு.

அப்புறம் அவர் கோட்டை கட்டிட்டு (ராஜாவ யானை பக்கம் ஓரமா பத்திரப்படுத்தறது) டி4 சிப்பாய நெசமாவே விட்டுக் கொடுத்தாரு. எடுத்தேன். குதிரை சி3-க்கு வந்துச்சு, ஈ5 சிப்பாயும் இப்ப சும்மா நிக்கிது. அதையும் எடுத்தேன். ரெண்டு சிப்பாய் கூட. யானை ஈ1-க்கு வந்து நின்னுச்சு, ராணி ஓடிச்சு, குதிரை பி5-ல குதிச்சுச்சு, ராணி மறுபடி ஓடிச்சு. பதினஞ்சாவது மூவ்ல போர்ட பாத்தா என் எஃப்8 பிஷப்பு, ஜி8 குதிரை, எச்8 யானை மூணும் பொட்டில இருந்து எடுத்து வெச்ச எடத்துலயே நிக்கிது, ராஜா நடுவுல. அந்த டி7 பிஷப்பு, வீட்டுக்குள்ள இருக்கற மந்திரி, என் ராஜாவுக்கே குறுக்க நிக்கிது. இருபத்திரெண்டாவது மூவ்ல தோல்விய ஒத்துக்கிட்டு கை கொடுத்துட்டேன்.

"ரெண்டாவது சிப்பாய எடுத்திருக்கக் கூடாதும்மா"ன்னு மெதுவா சொன்னாரு. எனக்குத் தெரியும். புத்தகத்துல அங்க ஏ6 போடணும், குதிரை பி5-க்கு வராம. தெரிஞ்சும் எடுத்தேன், ஏன்னா எழுபத்தஞ்சு வயசுக்காரர் தாக்குதல முடிக்க மாட்டாருன்னு உள்ளுக்குள்ள நெனச்சிருக்கேன், அது எனக்கே ராத்திரிதான் புரிஞ்சுது.

அவர்கிட்ட இந்த சிப்பாய் தியாகத்துக்கு மில்னர்-பேரி கேம்பிட்னு பேரு, அந்த மில்னர்-பேரி ரெண்டாம் உலகப் போர்ல பிளெட்ச்லி பார்க்ல ஜெர்மன்காரங்க ரகசிய செய்திய உடைச்ச கூட்டத்துல ஒருத்தர்னு சொன்னேன். அங்கிள் ரொம்ப நேரம் பேசல. பதினெட்டு வயசுல செம்பவாங் நேவல் பேஸ்ல அப்ரெண்டிஸா சேந்தாராம், மதிய சாப்பாட்டு நேரத்துல ஒரு வெள்ளக்கார ஃபோர்மேன் இத ஆடிக் காட்டினாராம், பேரெல்லாம் சொல்லல. "அம்பது வருஷத்துக்கு மேல ஆடறேன், பேரு இப்பத்தான் தெரியுது"ன்னு சொல்லி, பாக்கெட்லேருந்து ஒரு துண்டு பேப்பர் எடுத்து தமிழ்ல எழுதிக்கிட்டாரு, மில்னர் பேரின்னு. எழுத்து ஒவ்வொன்னும் அச்சு மாதிரி இருந்துச்சு.

டிசம்பர் 11, புதன்

யீஷூன்லேருந்து டோபி காட், அங்க மாறி ஹார்பர்ஃப்ரண்ட், ஒரு மணி நேரம் ஆச்சு. ரயில்ல அறிவிப்பு தமிழ்லயும் வருது, முதல் தடவ கேட்டப்ப யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிட்டேன். ஹார்பர்ஃப்ரண்ட்லேருந்து செந்தோசா தீவுக்கு மோனோ ரயில். நான் பண்ண தப்பு, மேட்ச் நடக்கற ஹோட்டல் ஸ்டேஷன்கிட்டயே இருக்கும்னு நெனச்சு குடையும் இல்லாம இறங்கி நடந்தது. அந்த வளாகத்துக்குள்ள ஹோட்டல் ஒன்னு ரெண்டு இல்ல. ஈக்வேரியஸ் ஹோட்டல் ஒரு கோடில இருக்கு, நான் வேற ஒரு ஹோட்டல் லாபில போய் நின்னு, செஸ் எங்கன்னு கேக்கறேன், அந்தப் பொண்ணு பாவம் பொம்மை கடைக்கு வழி சொல்லுது. வெளிய வந்தா மழை புடிச்சிருச்சு. மணி நாலே முக்கால், அஞ்சு மணிக்கு ஆட்டம்.

ஒரு சீன ஆண்ட்டி, கைல மார்க்கெட் பை, அங்கதான் ஏதோ வேலை போல, என்னப் பாத்துட்டு குடைய என் பக்கம் சாச்சாங்க. எங்க போகணும்னு கேட்டாங்க, சொன்னேன். அவங்க வந்த வழியிலயே திரும்பி என்கூட நடந்தாங்க. பாதி தூரத்துல, "இண்டியன் பாய், ஏய்ட்டீன் இயர்ஸ் ஓல்ட், லா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். "மை சன் ஏய்ட்டீன், ஸ்டில் ஸ்லீப்பிங்"ன்னு சொல்லி சிரிச்சாங்க. வாசல் வரைக்கும் விட்டுட்டு திரும்பிப் போனாங்க, அவங்க எடது தோள் முழுக்க நனைஞ்சிருந்துச்சு. என் தோள் நனையல.

போன வெளிய கொடுத்துட்டுத்தான் ஹாலுக்குள்ள போகணும். உள்ள இருட்டு, முன்னாடி கண்ணாடி ரூம், அதுக்குள்ள மட்டும் வெளிச்சம், ஒரு மேஜை, ரெண்டு பேரு. சத்தம் உள்ள போகாது. 2013-ல சென்னைல ஆனந்த்-கார்ல்சன் மேட்ச்சுக்கு என் ஸ்டூடண்ட்ஸ் நாலு பேர கூட்டிட்டுப் போனேன், அங்கயும் இதே மாதிரி கண்ணாடி. அன்னிக்கு அந்தக் கூட்டத்துல ஏழு வயசு குகேஷும் உக்காந்து கண்ணாடிக்குள்ள பாத்துக்கிட்டு இருந்திருக்கான், ஒரு நாள் உள்ள உக்காந்தா நல்லா இருக்கும்னு நெனச்சேன்னு அவனே பின்னாடி சொல்லியிருக்கான். இந்த மேட்ச்ச நடத்த சென்னையும் கேட்டுச்சு, டெல்லியும் கேட்டுச்சு, சிங்கப்பூருக்குப் போச்சு. அந்த வருத்தம் எனக்கு இப்பவும் உண்டு, வேளச்சேரிலேருந்தும் அரக்கோணத்துலேருந்தும் எத்தன பசங்க லோக்கல் ரயில் ஏறி வந்து அந்தக் கண்ணாடிய பாத்திருப்பாங்க.

குகேஷ் வெள்ளை. ஈ4 போட்டான். டிங் ஈ6.

நான் சீட் கைப்பிடிய புடிச்சுக்கிட்டேன். நவம்பர் 25-ல முதல் கேம்லயே இதே பிரெஞ்சுலதான் குகேஷ் வெள்ளைக் காய வெச்சுக்கிட்டு தோத்தான். அதே கதவ மறுபடி தட்டறான், ஆறுக்கு ஆறுன்னு நிக்கிறப்ப, ரெண்டே கேம் மிச்சம் இருக்கறப்ப. எங்கிட்ட படிக்கற பசங்க ஒரு ஓப்பனிங்ல ஒரு தடவ தோத்தா அத தூக்கிப் போட்டுட்டு யூடியூப்ல வேற ஒன்னு தேடுவாங்க. இவன் தோத்த எடத்துக்கே திரும்பி வந்து ஏழாவது மூவ்லயே வேற வழி எடுத்தான். ராத்திரி முழுக்க அதோட மல்லுக்கட்டியிருக்கான்னு தெரிஞ்சுது.

முதல் நாப்பது மூவுக்கு ஆளுக்கு ரெண்டு மணி நேரம், அதுவரைக்கும் ஒரு செகண்ட் கூட சேத்துத் தர மாட்டாங்க. அதனால முப்பதாவது மூவ் நெருங்க நெருங்க கூட்டத்துல மூச்சு சத்தம் கூட மாறுது. குகேஷுக்கு நல்ல பொசிஷன். டிங்கோட காய் ஒவ்வொன்னா பின்னாடி போகுது, 31-வது மூவ்ல ஜெயிக்கப் போறான்னே நெனச்சேன், டிங் யானைய எடுத்து எஃப்8-ல வெச்சாரு. தற்காப்புக்கு அது ஒன்னுதான் மூவாம், நான் அத பாக்கவே இல்ல, பக்கத்து சீட்ல இருந்த ஆளும் பாக்கல, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஐயோன்னோம். அதுக்கப்புறம் எவ்வளவோ நேரம் இழுத்து டிரா. ஆறரைக்கு ஆறரை.

ஹால்ல ஏர்-கான் எலும்புக்குள்ள இறங்குது, ஸ்வெட்டர் கொண்டு போகல, அப்படியே அஞ்சு மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் அக்கா ரசம் வெச்சு கொடுத்துச்சு, மிளகு தூக்கலா.

டிசம்பர் 12, வியாழன்

இன்னிக்கு ஸ்வெட்டர், குடை, ரெண்டும் எடுத்துக்கிட்டேன், மழை வரல.

டிங் வெள்ளை, குதிரை எஃப்3. குகேஷ் டி5. ஜி3, சி5. ஓப்பனிங் அமைதியா போச்சு. வெள்ளைக் காய் கைல இருக்கறப்ப டிங் அழுத்துவாருன்னு பாத்தா, அவர் காய வெட்டிக் குறைச்சுக்கிட்டே வர்றாரு. டிரா ஆனா நாளைக்கு ராபிட் டைபிரேக் (கம்மி நேரத்துல வேகமா ஆடி சாம்பியன முடிவு பண்றது), அதுல அவர் கை ஓங்கியிருக்கும்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க, அவரும் அத நம்பியிருக்கணும். ஒரு கட்டத்துல ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப்பு, குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட. எல்லாரும் டிரான்னு முடிவு பண்ணிட்டாங்க, சில பேரு எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டாங்க. குகேஷ் மட்டும் டிரா கேக்கல. உக்காந்து, ராஜாவ ஒரு கட்டம், யானைய ஒரு கட்டம், திரும்ப ராஜா.

55-வது மூவ். டிங் யானைய எஃப்2-க்கு இழுத்து, யானைக்கு யானை வெட்டிக்கலாமான்னு கேட்டாரு.

எனக்கு முதல்ல ஒன்னும் தெரியல. சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன். அப்பத்தான் டிங்கோட பிஷப்பு எங்க நிக்கிதுன்னு கண்ணு போச்சு. ஏ8. மூலை. போர்டு நடுவுல நிக்கிற பிஷப்புக்கு நாலு பக்கம் வழி உண்டு, மூலைல நிக்கிறதுக்கு ஒரே ஒரு கோடுதான். யானைய வெட்டிக்கிட்ட அடுத்த நொடி குகேஷோட பிஷப்பு டி5-ல வந்து நின்னா, அந்த ஒரே கோட்டுலயும் குறுக்க நிக்கும். ஓட எடம் கிடையாது, வெட்டித்தான் ஆகணும். வெட்டுனா பிஷப்பும் பிஷப்பும் போயிடும், மிச்சம் ராஜாவும் சிப்பாயும் மட்டும், ஒரு சிப்பாய் கூட இருக்கறவன் ஜெயிச்சுடுவான், இது ரெண்டாவது வருஷத்துப் பசங்களுக்கு நான் சாக்பீஸ்ல போட்டுக் காட்டற பாடம். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சு விரல விட்டு மறுபடி எண்ணுனேன்.

கண்ணாடிக்குள்ள குகேஷ் கை போர்டுக்குப் போகல. நிமிந்தான். மறுபடி குனிஞ்சு பாத்தான். தண்ணி பாட்டில எடுத்து ஒரு வாய் குடிச்சான். முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு, அத அடக்க முடியல அவனால. அப்புறம் யானைய வெட்டினான். டிங் ராஜாவால வெட்டினாரு. பிஷப்பு டி5. அந்த நொடி டிங்கோட முகத்த பாத்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க, அவருக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. தலையக் கைல தாங்கிக்கிட்டு மேஜையையே பாத்தாரு. இன்னும் ரெண்டு மூவ். 58-வது மூவ்ல கை நீட்டினாரு. ஒன்பது மணி வாக்குல இருக்கும்.

ஹால்ல கத்தறாங்க, உள்ள கேக்காது. உள்ள அந்தப் புள்ள முகத்த மூடிக்கிட்டு அழறான். பதினெட்டு வயசு. இதுக்கு முன்னாடி காஸ்பரோவ் 1985-ல இருபத்திரெண்டு வயசுல சாம்பியன் ஆனதுதான் சாதனையா இருந்துச்சு. அழுதுக்கிட்டே அவன் பண்ணத பாருங்க, எல்லாக் காயையும் எடுத்து முதல் எடத்துல திரும்ப அடுக்கினான். யானை, குதிரை, பிஷப்பு, ஒவ்வொன்னா, நிதானமா, கட்டத்துக்கு நடுவுல. எங்கிட்ட வர்ற புள்ளைங்ககிட்ட ஜெயிச்சாலும் தோத்தாலும் காய அடுக்கிட்டுப் போன்னு தொண்டத்தண்ணி வத்த சொல்வேன். எனக்கும் கண்ணு நிக்காம ஓடிச்சு, பக்கத்துல இருந்த மராத்திக்கார அம்மா யாரு எவருன்னு தெரியாம என் தோள்ல சாஞ்சு அழுதாங்க.

டிங்குக்காகவும் அழுதேன்னு எழுதணும். 2023-ல சாம்பியன் ஆனதுக்கு அப்புறம் மனசு சரியில்லாம எத்தன மாசம் ஆடாம இருந்தாருன்னு எல்லாருக்கும் தெரியும், இந்த மேட்ச்ல ஒன்னுமில்லாம தோப்பாருன்னு சொன்னாங்க, பதினாலாவது கேம் வரைக்கும் சமமா நின்னாரு. ஒரு யானைய ஒரு கட்டம் தப்பா வெச்சதுக்கு அந்த மனுஷன யாராவது கேவலமா பேசினா எனக்குக் கோவம் வருது.

ராத்திரி ரயில்ல எதிர் சீட்ல ரெண்டு தம்பிங்க, கட்டட வேலை முடிஞ்சு கிராஞ்சி பக்கம் டார்மிட்டரிக்குப் போறாங்க, பூட்ஸ்ல சிமெண்ட் காஞ்சிருக்கு. ஒருத்தன் போன்ல குகேஷ் போட்டோ. அறந்தாங்கியாம். நான் மேட்ச் பாத்துட்டு வர்றேன்னு சொன்னதும் ரெண்டு பேரும் நிமிந்து உக்காந்துட்டாங்க.

"அக்கா, அந்த சீனாக்காரர் என்ன தப்பு பண்ணாரு? எல்லாரும் தப்பு தப்புங்கறாங்க, எனக்கு ஆட்டம் தெரியாது."

பைல சூட மிட்டாய் இருந்துச்சு. மடில பைய பரப்பி, இது அவர் பிஷப்பு, மூலைல, இது நம்மாளு பிஷப்புன்னு வெச்சுக் காட்டினேன். தம்பி சுத்தி முத்தி பாத்துட்டு, "அக்கா, வாய்ல மட்டும் போட்டுடாதீங்க, ரயில்ல சாப்ட்டா 500 வெள்ளி ஃபைன்"னான். அப்புறம் அவனே ஒரு மிட்டாய விரலால நகத்தி, "இவரு வந்து வழில நின்னுட்டாரு, அவருக்கு வேற சந்து இல்ல, அதானே?"ன்னு கேட்டான்.

அதேதான் தம்பி, அவ்வளவுதான் ஆட்டமே. நான் பத்து நிமிஷம் பேசுனத ஒத்த வரில சொல்லிட்டான். யீஷூன் வந்துடுச்சு, மிட்டாய அவன் கைல கொடுத்துட்டு இறங்கினேன்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். டைபிரேக் நடக்க வேண்டிய நாள், அதுக்கு வேலை இல்லாம போச்சு. அக்காவோட தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா பக்கம்) போனோம், அகல் விளக்கு வாங்க, பொரி வாங்க. சிராங்கூன் ரோட்டுல பூக்கடைக்காரம்மா மல்லிப்பூ அளக்கறப்ப, "பாத்தீங்களா, நம்ம புள்ள"ன்னாங்க. அவங்க யார சொல்றாங்கன்னு கேக்க வேண்டியிருக்கல. வீரமாகாளியம்மன் கோயில்ல கூட்டம், நெய் வாசனை, நின்னு கும்பிட்டுட்டு வந்தோம். மதியம் வாழை இலைல சாப்பாடு, அப்பளம் கேட்டா கேட்டுக்கிட்டே இருக்கலாம்.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசல் காரிடார்ல இருபத்தொரு விளக்கு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா அவங்க செருப்பு அலமாரிய நகத்தி எடம் விட்டாங்க, அவங்க பேரன் விளக்கு அணையாம கைய வெச்சு காத்த மறைச்சுக்கிட்டு அங்கயே குந்திக்கிட்டான்.

டிசம்பர் 14, சனி

ராத்திரி விமானம். மத்தியானம் மூணு மணிக்கு பாப்பாவ கூட்டிட்டு கீழ போனேன். அங்கிள் இருந்தாரு, கடிகாரத்துக்கு சாவி கொடுத்துக்கிட்டு. "பாத்தியா, மூலைல போய் நின்னுச்சே அந்த பிஷப்பு"ன்னுதான் ஆரம்பிச்சாரு, டிவில பாத்தாராம், 55-வது மூவ்ல நாற்காலிய விட்டு எந்திரிச்சிட்டாராம். உக்காந்தேன்.

ஈ4. நான் ஈ6. அங்கிள் சிரிக்கல, தலைய மட்டும் ஒரு தடவ ஆட்டிட்டு டி4 போட்டாரு. அன்னிக்கு ஆடுன அதே வழி, ஒரு மூவ் மாறல, பிஷப்பு டி3, என் பிஷப்பு டி7, டி4 சிப்பாய விட்டுக் கொடுத்தாரு, எடுத்தேன், குதிரை சி3. ஈ5-ல ரெண்டாவது சிப்பாய் நிக்கிது. கை தானா போகப் பாத்துச்சு. ஏ6 போட்டேன்.

அங்கிள் பத்து நிமிஷம் யோசிச்சாரு. இப்ப அவர் குதிரைக்கு பி5 இல்ல. என் ஜி8 குதிரைய ஈ7-க்கு கொண்டு வந்து, அங்கேருந்து சி6, அங்கேருந்து பி4, அவரோட டி3 பிஷப்ப புடிச்சு வெட்டினேன். அந்த பிஷப்பு போனதும் அவர் பக்கம் வெள்ளைக் கட்டம் எல்லாம் காத்தாட ஆரம்பிச்சுச்சு. பக்கத்து மேஜை சீன அங்கிள் ரெண்டு பேரும் அவங்க ஆட்டத்த விட்டுட்டு வந்து பின்னாடி நிக்கிறாங்க, ஒருத்தர் என் ராணிய காட்டி நாக்க "ச்சு" கொட்டினாரு, எங்க அங்கிள் அவர மொறைச்சாரு. பத்தொன்பதாவது மூவ்ல என் டி7 பிஷப்ப எடுத்து பி5-ல வெச்சேன். வீட்டுக்குள்ளயே இருந்த மந்திரி வெளிய வந்துச்சு. எங்க அப்பா இருந்திருந்தா அந்த ஒரு மூவுக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பாரு.

மாமா கார் ஹார்ன் அடிச்சாரு. அங்கிள் கடிகாரத்துல பதினோரு நிமிஷம், எனக்கு ஒன்பது.

"போகணும் அங்கிள், டிரா வெச்சுக்கலாமா?"

"எதுக்கு டிரா? ஆட்டம் இருக்குல்ல." பாப்பாவ பாத்தாரு. "நீ ஆடுவியா? கறுப்பு நல்லா இருக்கு."

பாப்பா ஆறு நாளா என்கூட சுத்துது, செஸ் போர்டுன்னா போன எடுத்துக்கும். இப்ப ஒன்னும் சொல்லாம என் சீட்ல வந்து உக்காந்துச்சு. காலு தரைய தொடல. "சித்தி, இந்த பிஷப்பு அவர் வெட்டுனா நான் ஏ சிப்பாயால வெட்டணும், அதானே?"ன்னு என் காதுல கேட்டுச்சு. எப்ப இதெல்லாம் பாத்துச்சுன்னு எனக்குத் தெரியல. ஆமான்னேன்.

கார்ல ஏறி கதவ சாத்தறப்ப திரும்பிப் பாத்தேன். அங்கிள் ரெண்டு கையையும் கன்னத்துல வெச்சுக்கிட்டு அந்த பி5 கட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு, இன்னும் நகத்தல.